நாலு குடமும் ஒரு தாங்கியும்

உயர்தர வகுப்பில் இருபத்தாறு வருஷம் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பித்தவன் நான். வேறு பாடம் கிடைக்காத கலைப்பிரிவுப் பிள்ளைகள் வந்து ஒதுங்குகிற பாடம் என்று ஆசிரியர் அறையில் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். அந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருந்தது. விஞ்ஞானங்கள் பலவா, ஒன்றா என்ற கேள்வி வருகிற இடம். அன்றைக்குக் கரும்பலகையில் ஓர் ஏணி கீறுவேன். மேல்படியில் சமூகவியல், அதற்குக் கீழே உளவியல், பிறகு உயிரியல், இரசாயனவியல், அடிப்படியில் பௌதிகவியல்.

"சந்தையில நடக்கிற சண்டை மனுசரின்ர மனசில நடக்குது. மனசு மூளையில நடக்குது. மூளை இரசாயனத்தில, இரசாயனம் அணுவில. அடிப்படியைப் பிடிச்சியள் எண்டால் மேல உள்ளதெல்லாம் தன்பாட்டில வரும். விஞ்ஞானம் ஒண்டுதான் பிள்ளையள்!" என்று சொல்லி வெண்கட்டியை மேசையில் வைப்பேன். வைக்கிற விதத்திலேயே இனிக் கேள்வி கேட்காதே என்ற தோரணை இருக்கும்.

பாடத்தில் மறுபக்கமும் இருந்தது. பன்மைவாதம். ஒவ்வொரு துறைக்கும் அதனதன் கேள்வி, அதனதன் கருவி, அவையெல்லாம் கடைசியில் ஒரே படத்துக்குள் வந்து பொருந்தியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை என்று சொல்கிற கட்சி. அதைப் பரீட்சைக்குத் தேவையான அளவுக்குப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். "இது கணக்குத் தெரியாத ஆக்களின்ர தத்துவம்" என்று ஒரு பகிடியும் விடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த ஏணியைக் கரும்பலகையோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. நான் அதை என் அக்காவின் வீட்டு வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தொண்ணூறில், யுத்தத்துக்குப் பயந்து, எங்கள் கடலோர ஊரான ஓலைத்தொடுவாயிலிருந்து அத்தானோடும் ஆறு வயது மகனோடும் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனாள். நான் போகவில்லை. படிப்பு, வேலை என்று இங்கேயே இழுபட்டு, கடைசியில் மன்னார் பட்டணத்தில் வந்து நின்றேன். அத்தான் அங்கே அகதி முகாமிலேயே காலமானார். மகன் அங்கேயே வளர்ந்தான், பெயின்ட் அடிக்கிற வேலை பழகினான், முகாமிலேயே கலியாணம் முடித்து இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனும் ஆனான். யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம் அக்கா தனியாகத் திரும்பி வந்தாள். தான் முதலில் வந்து, விட்டுப்போன அந்த வளவைப் பார்த்து, இருக்க ஒரு இடம் செய்துவிட்டால் பின்னால் மகன் குடும்பத்தோடு வருவது என்று பேச்சு.

மகன் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தான். அதுகூட அவனுடையதல்ல, அவன் மனைவியுடையது. குழாயடியில் குடத்துக்காகச் சண்டை பிடித்தே வளர்ந்த பிள்ளை அவள். தண்ணீர் இல்லாத இடத்துக்கு மட்டும் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே? ஆகவே அக்கா பேரப்பிள்ளைகளோடு இருப்பதா, தனியே இருந்து சாவதா என்பது அந்த வளவின் தண்ணீரில் வந்து நின்றது. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வளவென்று சொல்ல அப்போது என்ன இருந்தது! தாழையும் ஈச்சம்பற்றையும் மூடிக் கிடந்தது. பழைய கிணற்றுக்குள் பனங்குற்றி, முட்கம்பி, துருப்பிடித்த தகரம். கண்ணிவெடி பார்க்கிறவர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அதைத் துப்புரவாக்கி இறைத்தோம். திரும்பி வந்தவர்களுக்கான வீட்டுத்திட்டம் வரும்வரை ஒரு தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தேன். அதன் வாசலில் அக்கா வரிசையாக நாலு குடம் வைத்தாள்.

முதற் குடத்தில் பூவல் தண்ணீர். கடற்கரைப் பக்கமாக, தாழைக்கு அருகில் மணலைக் கையால் வறுகினால் முழங்கை ஆழத்தில் ஊறுமே, அந்தச் சின்னக் குழிதான் பூவல். அது குடிக்கவும் தேத்தண்ணீருக்கும். இரண்டாவதில் மாரியில் தகரத்துக்குக் கீழே பிடித்து வைத்த மழைத் தண்ணீர். அது பருப்பு அவிக்கவும் தலை முழுகவும். மூன்றாவதில் பௌசர் லொறி கொண்டுவந்து ஊற்றுகிற தண்ணீர், சோற்றுக்கு. நாலாவதில் கிணற்றுத் தண்ணீர், சட்டி பானை கழுவவும் கால் அலம்பவும். ஒவ்வொரு குடத்துக்கும் அள்ளத் தனித் தேங்காய்ச் சிரட்டை. மாற்றிப் போட்டால் தொலைந்தோம். "உனக்குக் கண் பிடரியிலயோ? அது சோத்துக் குடமெல்லோ!" என்று கத்துவாள்.

பூவலுக்கு வேறு சட்டங்கள். முதல் ஊறுகிற தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிவிட வேண்டும். வாளி போடக் கூடாது, சிரட்டைதான். கடல் ஏறுகிற நேரம் பார்த்து அள்ள வேண்டும். இரண்டு குடம் எடுத்தால் பனையோலையால் மூடிவிட்டு அதை அன்றைக்கு விட்டுவிட வேண்டும், எவ்வளவு அவசரமென்றாலும் மூன்றாவது குடம் எடுப்பதில்லை. இருபது வருஷம் முகாம் குழாயில் தண்ணீர் பிடித்தவள் இதில் ஒன்றையும் மறக்காமல் வந்திருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"தாழை வேர் கடல் தண்ணியை உறிஞ்சி இனிப்பாக்கித் தருது. அவசரப்படுத்தினால் அதால ஏலாது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாழை வேராவது உப்பை எடுப்பதாவது! மழைநீர் மணலில் இறங்கி, பாரம் குறைந்ததால் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று கையை விரித்து விளங்கப்படுத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரி, அப்பிடியே இருக்கட்டும். நீ ஒரு வாய் குடிச்சுப் பார் தம்பி" என்று சிரட்டையை நீட்டினாள்.

"கிருமி கிடக்கும் அக்கா."

"இவ்வளவு நாளும் குடிக்கிறன், நான் சாகேல்லையே?"

"நீங்கள் சாகாதது ஒரு ஆதாரமில்லை."

இப்படித்தான் கதைப்பேன். விசரன், பைத்தியக்காரன் நான். பட்டணத்திலிருந்து வரும்போது போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து, அவள் முன்னாலேயே மூடி திறந்து குடிப்பேன். அவள் சிரட்டையில் இருந்ததைத் தான் குடித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மகனின் குடும்பம் வருவதென்றால் இந்தக் குட விளையாட்டு சரிவராது, கிணறுதான் வழி என்று முடிவு கட்டினேன். அறிந்த தெரிந்த மூன்று உத்தியோகத்தர்களைக் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தேன். தண்ணீர்க் கந்தோர் என்கிற நீர்வழங்கல் அலுவலகத்திலிருந்து வந்த பிள்ளை ஒரு கருவியைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்துவிட்டு, "மேல் தண்ணி பரவாயில்லை சேர், ஆனால் ஆழப்படுத்த வேண்டாம்" என்றாள். சுகாதாரப் பரிசோதகருக்கு உப்பைப் பற்றிக் கவலையே இல்லை. மலசலகூடக் குழி எவ்வளவு தூரம் என்று அடி வைத்து அளந்து, கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்றார். விவசாயப் போதனாசிரியர் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தென்னைக்குத் தாராளம், மிளகாய் மட்டும் வைக்காதேங்கோ என்றார். மூன்று பேரும் போன பிறகு அக்கா, "தேத்தண்ணிக்கு ஆகாது. சட்டி கழுவலாம்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு கிணறு, நாலு பதில்! நல்லதா கூடாததா என்று ஒருவராவது நேராகச் சொல்ல மாட்டார்களா? நாலு பேரும் நாலு வெவ்வேறு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. இவர்கள் எல்லாரும் ஏணியின் மேல்படிகளில் நின்று சத்தம் போடுகிறார்கள், நான் அடிப்படிக்கு இறங்குகிறேன் என்று நினைத்தேன்.

அடிப்படியில் ஒரு விதி இருக்கிறது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். இரண்டு தண்ணீரின் பாரத்தையும் வைத்துப் போடுகிற கணக்கு அது. பிழையான விதி அல்ல, இன்றைக்கும் சொல்வேன். ஒரு நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, இரண்டு நாள் வெயிலில் நின்று அளந்தேன். அரை அடி மேலே நின்றது. அப்படியென்றால் கீழே இருபதடி. இன்னும் எட்டடி தோண்டினாலும் உப்புக்குக் கிட்டவும் போகமாட்டோம். கணக்கை ஒரு கொப்பியில் அழகாக எழுதி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உன்ர கொப்பி சரிதான். மெசின் பூட்டி இழுக்கிறதையும் அதில எழுதியிருக்கோ?" என்று கேட்டாள்.

எழுதவில்லை. தண்ணீர் அசையாமல் நிற்கிறது, மணல் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. "அதெல்லாம் சின்ன விசயம்" என்றேன். கிணறு எட்டடி ஆழமானது. மோட்டர் பூட்டினேன். ஒரு தொண்டு நிறுவனம் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்று கொடுத்தது. அதைப் பனங்குற்றிகளுக்கு மேலே ஏற்றி, குழாய் பொருத்தி, கொட்டில் வாசலில் ஒரு திருகுகுழாய் வைத்தேன். திருகினால் தண்ணீர். எல்லா வேலைக்கும் ஒரே தண்ணீர். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அந்தப் பெருமையில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தாள். தாங்கி முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. இனி எதற்கு இந்தக் குடங்கள் என்று நாலையும் தூக்கி ஒவ்வொன்றாகத் தாங்கிக்குள் கவிழ்த்தேன். பூவல், மழை, பௌசர், கிணறு, எல்லாம் சேர்ந்து ஒன்றாயிற்று. குடங்களைக் கழுவிக் கொட்டிலுக்குப் பின்னால் குப்புற அடுக்கினேன்.

அக்கா வந்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு பின்னால் போய்ப் பார்த்தாள். கத்துவாள் என்று சிரிப்போடு காத்திருந்தேன். கத்தவில்லை. மணலில் அப்படியே குந்திவிட்டாள்.

"மழைத் தண்ணியையுமோடா ஊத்தினனி? அது மார்கழியில பிடிச்சதெல்லோ. பிள்ளையள் வந்தால் முதல் நாள் தலை முழுக வாக்கிறதுக்கெண்டு வைச்சிருந்தனான்" என்றாள். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அதுவும் தண்ணிதானே அக்கா" என்றேன் நான். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு!

அன்றைக்குப் பருப்பு அவியவில்லை. மத்தியானம் கல்லுக் கல்லாய்க் கிடந்த பருப்போடு இரண்டு பேரும் சாப்பிட்டோம். மறுநாள் விடியவே அவள் ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பூவலுக்குப் போனதைப் பார்த்தேன். பிடிவாதம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கிணறு நல்லபடி ஓடியது. இந்தியாவுக்குத் தொலைபேசி எடுத்து என் மருமகனிடம், அதாவது அக்காவின் மகனிடம், "குழாய்த் தண்ணி வீட்டு வாசலில வருது, வெளிக்கிடுங்கோ" என்று நான்தான் முழங்கினேன். அவனும் திரும்பிப் போகிறவர்களின் பட்டியலில் பெயரைப் பதிந்தான். அக்கா கொட்டிலோடு ஒட்டி ஒரு அறை இறக்கினாள். இரண்டு சின்னப் பாய் வாங்கினாள்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிய கிழமை ஒருநாள் தேத்தண்ணீருக்கு ஊற்றிய பால் திரைந்தது. பழைய பால்மா என்றேன். மறுநாள் புதுப் பெட்டி உடைத்தும் திரைந்தது. அக்கா குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். உப்பு. மோட்டர் இழுக்க இழுக்கக் கீழேயிருந்த கடல் மேலே ஏறி வந்துவிட்டது.

தண்ணீர்க் கந்தோர்ப் பிள்ளையை மறுபடி கூட்டிவந்தேன். அவள் அளந்து கடதாசியில் ஓர் எண் எழுதித் தந்தாள். குடிக்கவே கூடாத எண். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "சேர், இது இந்தக் கிணத்தின்ர, இந்த ஆழத்தின்ர, இந்த மாசத்தின்ர எண் மட்டும்தான். மோட்டரை நிப்பாட்டி ரெண்டு மாரி விட்டால் திரும்பியும் வரும். தாழைப் பக்கத்து மேல் தண்ணியை வேறயாத்தான் பாக்கோணும். அளந்து தரட்டோ?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். எதற்கு? ஒரே மணல், ஒரே கடல், கீழே இருப்பது ஒரே தண்ணீர். இங்கே உப்பென்றால் அங்கேயும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உப்புத்தானே. எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, ஒன்றே போதும் என்று இருந்தது. அதற்குள்ளே வெட்கமும் இருந்தது, மறைப்பானேன். என் கிணறு தோற்ற இடத்தில் அவளுடைய சிரட்டை வெல்வதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அந்த மாதமே மருமகன் தொலைபேசி எடுத்தான். பட்டியலில் பெயர் வந்துவிட்டது, கிழமை முடியுமுன் வருகிறோமா இல்லையா என்று சொல்லவேண்டும்.

"மாமா, தண்ணி எப்படி இருக்கு? அம்மாவக் கேட்டா இருக்கு இருக்குன்னுதான் சொல்லும். அதுக்கு நாங்க வந்தாப் போதும். நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. தண்ணி இருக்கா, இல்லையா?"

கடதாசி என் சட்டைப் பையில் இருந்தது. பக்கத்து வளவில் ஏழு பேர் பூவலையும் பௌசரையும் வைத்துக்கொண்டு சீவிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அக்கா ஒரு நாளும் தண்ணீர் இல்லாமல் இருந்ததில்லை என்பதும் தெரியும். அதொன்றும் என் வாயில் வரவில்லை. இருக்கா, இல்லையா என்று அவன் கேட்டான். நான் படிப்பித்த விதத்திலேயே நானும் பதில் சொன்னேன்.

"இல்லை."

"சரி மாமா. அம்மாகிட்ட வரலன்னு சொல்லாதீங்க, ஒடஞ்சு போயிடும். பாக்கலாம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

நானும் சொல்லவில்லை. சொல்லாமலே நாலு வருஷம் போயிற்று. அக்கா கேட்பாள், "ஏன்டா அவன் இப்பிடிப் பிந்துறான்?" என்று. அங்கே கந்தோரில் கடதாசி இழுபடுகிறது என்பேன். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல் செருப்பு மணலைத் தட்டுவேன். வீட்டுத்திட்ட வீடு வந்தது. ஓர் அறையைப் பேத்திகளுக்கென்று பூட்டி வைத்தாள். அந்த இரண்டு பாயும் அதற்குள்ளேதான் சுருட்டியபடி கிடந்தன. மாரிக்கு மாரி மழைத் தண்ணீர் பிடித்துத் தனிக் குடத்தில் மூடி வைத்தாள், பிள்ளைகள் தலை முழுக. அடுத்த மாரி வந்ததும் அதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்தாள். ஒரு தடவையாவது, அக்கா, நான்தான் அவனை வரவேண்டாம் என்று சொன்னவன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்துப் போவேன். போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அவள் ஓர் ஆவணி மாதம், வெளிக்குந்துத் திண்ணையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நோகுதென்று சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. மகனுக்குக் கடதாசிகள் ஒன்றும் சரியாக இல்லை, வர ஏலவில்லை. கைபேசியில் அவனுக்கு அடக்கத்தைக் காட்டினேன். குழிக்குள் மண் போடுகிற நேரம் அவன் "கிட்டக் காட்டுங்க மாமா, கிட்டக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குழி விளிம்பில் குந்திக் கைபேசியைக் கீழே நீட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த தவணையில் அதே பாடம் வந்தது. வெண்கட்டியை எடுத்தேன், ஏணி கீற முடியவில்லை. முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "சேர், இந்த இடத்தில நீங்கள் ஏணி கீறுவியள் எண்டு அக்காவின்ர கொப்பியில கிடக்கு" என்றாள். போன வகுப்பில் படித்த அவளுடைய அக்காவின் கொப்பி.

ஏணி இல்லாமலே அன்று சொன்னேன். பன்மைவாதம் என்றால் எல்லாரும் சொல்வது சரி என்று அர்த்தமில்லை. உப்புக் கிணறு யார் பார்த்தாலும் உப்புக் கிணறுதான். தாழை வேர் உப்பை உறிஞ்சாது, அதுவும் நிச்சயம். ஆனால் தாழை வேரைப் பற்றிப் பிழையாகச் சொல்கிற ஒரு மனுசிக்கு, எந்த நேரம், எவ்வளவு அள்ளினால் தண்ணீர் நல்லபடி நிற்கும் என்பது சரியாகத் தெரிந்திருக்கலாம். காரணம் பிழை என்பதற்காக அவளுடைய அறிவையும் சேர்த்து வெளியே எறியக் கூடாது. விதி சரியாக இருக்கும்போதே, அந்த விதி கேட்காத கேள்விகளும் அதே மணலில் கிடக்கும். அவற்றைக் கேட்க வேறு ஆட்கள், வேறு கருவி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாங்கிக்குள் ஊற்றினால் எல்லாமே கெடும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். "தாங்கி எண்டதையும் எழுதுறதோ சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். வேண்டாம், பரீட்சைக்கு வராது என்றேன்.

கடதாசிகளைச் சரிக்கட்டி, அக்காவின் ஆண்டுப் பூசைக்குத்தான் மருமகன் வந்தான். தனியாக வந்தான். மூத்த பெண் அங்கே பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், இனிக் குடும்பத்தை எடுத்துவர ஏலாது, பார்த்துவிட்டுத் திரும்பிப் போவேன் என்றான். கோயிலால் வந்ததும் வீட்டைத் திறந்து காட்டினேன். அந்த அறைக்குள் நின்று இரண்டு பாயையும் பார்த்தான். கேட்காமலே விளங்கியிருக்கும். வாசலில் நாலு குடமும் வெறுமையாக இருந்தன. மோட்டர் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்தது.

அவன் தன்பாட்டில் தாழைப் பக்கம் நடந்தான். நானும் பின்னால் போனேன். ஆறு வயதில் விட்டுப்போனவன், ஆனால் இடம் அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வளவு மனுசி எடுக்கிற பூவல் ஓலையால் மூடிக் கிடந்தது. அதைத் தொடாமல் நாலடி தள்ளிக் குந்தி, சட்டைக் கையை மடித்துவிட்டு மணலை வறுகினான். முழங்கை ஆழம் வந்ததும் ஊறியது. முதல் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினான். இதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? முகாமில் எத்தனை தடவை அவள் சொல்லியிருப்பாள்! மறுபடி ஊறித் தெளிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மனுசியின் சிரட்டையை எடுத்து அள்ளிக் குடித்தான்.

"நல்லாத்தானே இருக்கு மாமா" என்றான்.

நானும் பக்கத்தில் குந்தி, ஊறுகிற தண்ணீரைப் பார்த்தேன்.

"அம்மா கடைசி வரைக்கும் இதத்தான் குடிச்சுதா?"

"ஓம்."

"அப்ப ஏன் மாமா தண்ணி இல்லன்னு சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். மெல்லிய படை, பாரம், மோட்டர், எண் என்று சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அவன் சிரட்டையை மறுபடி நிரப்பி என் பக்கம் நீட்டினான். "குடிங்க மாமா" என்றான். அதே சிரட்டை அளவு, அதே தாழையடி. அக்கா நாலு வருஷமாக நீட்டிய தண்ணீரை நான் ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். அதில் உப்பே இல்லை.